ரெட் கிளிஃப்: இரண்டு பாகமா, ஒற்றைப் படமா?

ஜான் வூ இயக்கிய ‘ரெட் கிளிஃப்’ பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், எந்த ‘ரெட் கிளிஃப்’ என்ற கேள்விதான் முதலில் வரும். ஆசிய நாடுகளில் 2008 ஜூலையில் ஒரு பாகம், 2009 ஜனவரியில் இன்னொரு பாகம் என்று வெளியான படம் இது. இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட நாலே முக்கால் மணி நேரம். மேற்கு நாடுகளுக்கு அதையே கத்தரித்து, 148 நிமிடத்தில் ஒரே படமாக்கி அனுப்பினார்கள். நான் முதலில் பார்த்தது அந்த ஒற்றைப் படத்தை. பிடித்துப்போய் இரண்டு பாகத்தையும் தேடிப் பார்த்தேன். இனி யார் கேட்டாலும் இரண்டு பாகத்தையே கைகாட்டுவேன். ஆனால் ஒற்றைப் படத்தின் பக்கமும் நியாயம் உண்டு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கி.பி. 208, சீனாவின் ஹான் பேரரசு பெயரளவில்தான் உயிரோடு இருக்கிறது. பேரரசரைப் பொம்மையாக்கிவிட்டு ஆட்சியைக் கையில் வைத்திருக்கும் ட்சாவ் ட்சாவ், பெரும்படையோடு தெற்கே இறங்குகிறார். தன்னிடம் எட்டு லட்சம் பேர் என்று அவர் மிரட்டினார். இரண்டு லட்சத்துச் சொச்சம்தான் இருக்கும் என்பது எதிர்த்தரப்புத் தளபதி ஜோ யூவின் கணக்கு. எதிரே தெற்கின் ஆட்சியாளர் சுன் சூவான், ட்சாவ் ட்சாவிடம் தோற்றுப் பின்வாங்கிய லியு பெய் இருவரும் கூட்டுச் சேர்ந்தும் ஐம்பதாயிரம்தான் தேறும். யாங்சி ஆற்றில் நடந்த அந்த மோதலில் தீயும் காற்றும் சேர்ந்து பெரிய படையைக் கவிழ்த்துவிட்டன. இதெல்லாம் வரலாறு. இதன்மேல் பிற்காலத்து ‘மூன்று ராஜ்ஜியங்கள்’ நாவல் ஏற்றிய கற்பனையும் படத்தில் தாராளமாக இருக்கிறது.

நடிப்பு, இசை, செலவு எல்லாம் இரண்டு பதிப்புக்கும் பொது. ஜோ யூவாக டோனி லியூங், லியு பெய்யின் ஆலோசகர் ஜூகே லியாங்காக தகேஷி கனெஷிரோ, ட்சாவ் ட்சாவாக ஜாங் ஃபெங்யி. சுமார் எட்டுக் கோடி டாலர் செலவு. ஆசியப் பணத்தில் எடுத்த படங்களில் அன்றைக்கு அதுவே உச்சம் என்றார்கள். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

ஒப்பிட வேண்டியது போர்க்காட்சிகளை என்றுதான் பலரும் நினைப்பார்கள். சண்டை நிமிடங்களை மட்டும் எண்ணினால் ஒற்றைப் படம் பெரிதாக எதையும் இழக்கவில்லை. ஜாவ் யுன் தன் தலைவன் லியு பெய்யின் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எதிரிகளுக்கு நடுவே வெட்டி வழியெடுப்பது இதிலும் உண்டு. ஆமை வியூகமும் உண்டு, கடைசித் தீயும் உண்டு.

ஆமை வியூகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். ட்சாவ் ட்சாவின் குதிரைப்படை புழுதிக்குள் துரத்திக்கொண்டு வருகிறது. புழுதி விலகினால் எதிரே ஆள் உயரக் கேடயங்கள் சுவர் மாதிரி நிற்கின்றன. உள்ளே நுழைந்தபிறகுதான் அது சுவரல்ல, சந்துகள் என்று தெரிகிறது. கேடயங்கள் நகர்கின்றன, வந்த வழி மூடிக்கொள்கிறது. இடுக்குகளிலிருந்து ஈட்டிகள் நீளுகின்றன, குதிரைகளின் கால்கள் இழுபடுகின்றன. நடுவில் கேமரா மேலே போய் மொத்த அமைப்பையும் காட்டும்போது ஆமையோட்டின் கட்டங்கள் அப்படியே தெரிகின்றன. கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரியாமல் வாள் மினுங்கல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் அவஸ்தை இந்தப் படத்தில் கிடையாது. லியு பெய்யின் தளபதிகள் குவான் யூவும் ஜாங் ஃபெயும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே இறங்கித் தனித்தனியாக வித்தை காட்டுவது மட்டும் கொஞ்சம் நாடகத்தனம். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. பிடிக்காதவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, போர்க்காட்சிகள் இரண்டிலும் இருக்கும்போது எதற்கு இன்னும் இரண்டேகால் மணி நேரம்? எனக்கு விடை ஓர் எதிரிச் சிப்பாய்.

சுன் சூவானின் தங்கை சுன் ஷாங்சியாங், ஆண் வேடத்தில் ட்சாவ் ட்சாவின் பாசறைக்குள் வேவு பார்க்கப் போகிறாள். நடித்தவர் ஜாவ் வெய். அங்கே சுன் ஷூட்சாய் என்று ஒரு சிப்பாய் அவளோடு ஒட்டிக்கொள்கிறான். வெள்ளந்தி, பலசாலி. பாசறையில் நடக்கும் பந்தாட்டத்தில் உதைப்பதற்கென்றே பிறந்தவன். இவள் பெண் என்பது அவனுக்குத் தெரியாது. நண்பன் என்றே நினைத்துப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறான், தோளில் ஏற்றிக்கொள்கிறான். அவள் அங்கிருந்துகொண்டே முகாமின் அமைப்பைத் துணியில் வரைந்து உடம்பில் சுற்றிக்கொள்கிறாள். திரும்பி வந்ததும் தளபதிகளுக்கு முன்னால் அந்தத் துணி சுற்றுச்சுற்றாகப் பிரிகிறது. எங்கே கப்பல்கள், எங்கே குதிரைகள், எங்கே தானியம் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

இரண்டு பாகத்தில் இதற்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைப் படத்தில் வேவு வேலை மிஞ்சியிருக்கிறது, அந்த நட்பைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். வெட்டியவர்களைக் கேட்டால் கதை ஓட்டத்துக்கு அது தேவையில்லை என்பார்கள். அப்படிப் பார்த்தால் உண்மைதான். வரைபடம் வந்து சேர்ந்தால் போதும். ஆனால் கடைசிப் போரில் எரிவது அவன் இருந்த அதே முகாம். நீளமான பதிப்பைப் பார்ப்பவருக்கு அங்கே ஓடுகிற ஒவ்வொரு கறுத்த முகத்திலும் ஒருவேளை இவன் அவனோ என்று கண் தேடும். சுன் ஷாங்சியாங்கும் தேடுகிறாள். முடிவைச் சொல்லி உங்கள் அனுபவத்தைக் கெடுக்கவில்லை. இன்னொரு பதிப்பில் அதே தீயைப் பார்த்தபோது நான் கப்பல்கள் எரிவதைத்தான் ரசித்தேன். இதில் ரசிக்க முடியவில்லை. காட்சி ஒன்றுதான், பார்க்கிற எனக்குத் தெரிந்திருந்த விஷயம்தான் வேறு. இயக்குநரும் இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் பந்தாட்டத்துக்கு அத்தனை நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்.

அம்பு வாங்கும் காட்சிக்கும் இதே கதிதான். நீளமான பதிப்பில் ஜோ யூவுக்கும் ஜூகே லியாங்குக்கும் ஒரு பந்தயம் நடக்கிறது. எதிரியின் கடற்படைத் தளபதிகள் இருவரை ஒழித்துக்கட்டுவதாக ஜோ யூ சொல்கிறார்; மூன்று நாளில் லட்சம் அம்பு கொண்டுவருவதாக ஜூகே லியாங் சொல்கிறார். தவறினால் ராணுவச் சட்டப்படி தலை போகும். அப்புறம்தான் வைக்கோல் போர்த்திய படகுகள் பனிமூட்டத்துக்குள் நகர்கின்றன. எதிரிகள் அம்பு மழை பொழிகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் அம்பு தைத்துக் கனத்ததில் படகுகள் சாய்கின்றன. ஜூகே லியாங் பதறாமல் படகுகளைத் திருப்பச் சொல்லி, மறுபக்கத்திலும் வாங்கிக்கொண்டு சமன் செய்கிறார். கூட வந்த சுன் சூவானின் ஆலோசகர் லு சூவுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. பந்தயத்தை வெட்டிவிட்டால் இது வெறும் சாமர்த்தியக் காட்சி. கைதட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

நீளமான பதிப்புக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காக அதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. முதல் பாகத்தில் கூட்டணி பேச்சுவார்த்தை இழுக்கிறது. சுன் சூவான் முடிவெடுக்கத் தயங்குவதை ஒரு காட்சியில் சொல்லியிருக்கலாம்; மூன்று நான்கு காட்சிகளில் சொல்கிறார்கள், நடுவே புலி வேட்டை வேறு. ஜோ யூவும் ஜூகே லியாங்கும் யாழ் போன்ற வாத்தியத்தை வைத்துக்கொண்டு மனசைப் பரிமாறிக்கொள்ளும் இடத்தில் பலர் ஃபோனை எடுத்துவிடுவார்கள். வூ படம் என்றால் புறா பறந்தே ஆகவேண்டும், இதிலும் பறக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: முதல் பாகத்தின் முடிவில் ஒரு புறா ஆற்றைக் கடந்து எதிரி முகாமுக்கு மேல் பறக்கிறது, கேமராவும் கூடவே போகிறது. எதிரிக் கப்பல்கள் எவ்வளவு, இரு கரைக்கும் நடுவே தூரம் எவ்வளவு என்பதெல்லாம் ஒரே மூச்சில் பிடிபட்டுவிடும். அந்தப் புறாவை மட்டும் மன்னித்துவிடலாம்.

ஒற்றைப் படம் யாருக்கு? சீனப் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பும், சப்டைட்டில் படித்தே தலை வலிக்கும் என்பவர்களுக்கு. தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் பின்னணியைச் சொல்லிவிடுவதால் யார் யாருக்கு எதிரி என்பது சட்டென்று பிடிபடும். குடும்பத்தோடு ஒரே மாலையில் பார்த்து முடிக்கவும் அதுதான் வசதி. இரண்டு பதிப்பையும் நான் வீட்டு டிவியில்தான் பார்த்தேன். பெரிய திரையில் ஒற்றைப் படத்தின் வேகம் என்னையும் வேறு மாதிரி இழுத்திருக்கலாம். அதை அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

இதே காலகட்டத்தைத் தொடும் வேறு படம் வேண்டுமென்றால், அதே 2008-இல் ஆண்டி லாவ் ஜாவ் யுன்னாக நடித்த ஒரு படமும் வந்தது. நீளம் குறைவு, ஒரே வீரனின் வாழ்க்கை. படைகளைவிட அந்த ஒரு மனிதன் முதுமையடைவதுதான் அதில் விஷயம். இதற்கு மாற்றாக அதைச் சொல்ல மாட்டேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு பாகம் என்று முடிவு செய்துவிட்டால் இரண்டு மாலைகளாகப் பாருங்கள். ஆசியாவில் ரசிகர்கள் நடுவில் ஆறு மாதம் காத்திருந்தார்கள், நமக்கு ஒரு ராத்திரி போதும். வாங்குவதற்கு முன்னோ, ஓடவிடுவதற்கு முன்னோ நிமிடக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். முதல் பாகமும் தனியாக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான் என்பதால், 148 நிமிட ஒற்றைப் படத்தை முதல் பாகம் என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். ஆங்கிலக் குரலில் பின்னணி விளக்கத்தோடு தொடங்கினால், அது நான் சொல்கிற பதிப்பு இல்லை.