மணல் வளவுக்கு எந்தப் புளோவர்? பெட்டியில் இருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவு 30 பேர்ச். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். இரண்டு மா, ஒரு பலா, ஒரு வேம்பு, மதிலோரம் முருங்கை, மீதி தென்னை. கச்சான் காற்று கிளம்பிவிட்டால் விடியற்காலையில் கூட்டிய முற்றம் பத்து மணிக்குள் பழையபடி இலையால் மூடிக் கிடக்கும். அம்மா திரும்பவும் ஈர்க்குமாற்றோடு இறங்கிவிடுவார். தோள்மூட்டு நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே கூட்டுகிற ஆள் அவர். "விடுங்கம்மா, பின்னேரம் நான் கூட்டுறன்" என்றால் கேட்கமாட்டார்.

அதனால்தான் இலையைக் காற்றால் ஊதித் தள்ளும் புளோவர், பற்றரியில் ஓடுவது ஒன்று, வாங்கலாம் என்று தேடத் தொடங்கினேன். வாங்குவதற்கு முன் கைக்கு எட்டியதையெல்லாம் எங்கள் வளவிலேயே ஓட்டிப் பார்த்தேன். சித்தப்பாவின் மகன் ஆரையம்பதியில் தளபாட வேலைத்தளம் வைத்திருக்கிறான், அவனிடம் மரத்தூள் ஊதும் சின்னது ஒன்று இருந்தது. பாசிக்குடாப் பக்கம் தோட்டப் பராமரிப்பு வேலை செய்யும் நண்பன் பெரியது ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தான். பெயர் தெரியாத கம்பனியின் மலிவுப் பெட்டி ஒன்றை நானே காசு கொடுத்து வாங்கியிருந்தேன். அந்தக் கதை பிறகு.

முதலில் சின்னது. மகிட்டா டியுபி 185. 18 வோல்ட், பற்றரியோடு இரண்டு கிலோவுக்குள். காற்றின் வேகம் விநாடிக்கு 98 மீற்றர். மணிக்கு 350 கிலோமீற்றரைத் தாண்டும். நண்பன் கொண்டுவந்ததும் மகிட்டாதான், டியுபி 184. அதே 18 வோல்ட், அதே பற்றரி, ஆனால் எடை மூன்று கிலோவுக்குக் கிட்ட. வேகமோ விநாடிக்கு 52 மீற்றர்தான். கடையில் நின்று இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் யாருமே முதலாவதைத்தான் தூக்குவார்கள். வேகமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு, எடையும் குறைவு.

வளவில் கதை தலைகீழாகிவிட்டது. சின்னதின் வாயை இலைக்குக் கிட்டப் பிடித்தால் மணலில் கோப்பை அளவு குழி விழுகிறது. குழியிலிருந்து கிளம்பிய மணல் இலைக்கு முன்பே பறந்து வாசல்படிக்குப் போய்விடுகிறது. சரி, தள்ளிப் பிடிப்போம் என்று ஒரு மீற்றர் பின்னால் போனால் காற்றில் வலுவே இல்லை, காய்ந்த பலா இலை புரண்டு படுக்கிறதே தவிர நகரவில்லை. பெரியதை இடுப்பளவில் பிடித்து, விசையை (சுவிச்சை) அரைவாசிக்கும் குறைவாக அழுத்தி, இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டிக்கொண்டு நடந்தேன். இலைகள் ஒரு வரிசையாக எழும்பி முன்னால் உருண்டன. மணல் கொஞ்சம் கிளம்பியது, ஆனால் இலையோடு போகவில்லை. திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி, "மனே, இது நல்லா இருக்கு, மற்றது மண்ணத்தான் கூட்டிச்சு" என்றார். அவர் சொன்னதுதான் இந்த ஒப்பீட்டின் முடிவு. காரணத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

வேகம் என்பது காற்று வாயை விட்டு வெளிவரும் கணத்தின் கணக்கு. குறுகிய வாயிலிருந்து வரும் காற்று சுற்றியுள்ள காற்றோடு கலந்து சீக்கிரம் தளர்ந்துவிடும். அகன்ற வாயிலிருந்து வருவது மெதுவாகப் புறப்பட்டாலும் தூரம்வரை வலுவோடு போகும். அந்த அகலத்தைக் காட்டும் எண் பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும்: நிமிடத்துக்கு எத்தனை கன மீற்றர் காற்று என்பது. டியுபி 185 தருவது 3.2 கன மீற்றர், டியுபி 184 தருவது 13. நான்கு மடங்கு.

இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. கன மீற்றரையும் விநாடி வேகத்தையும் பெருக்கி 50-ஆல் வகுத்தால் தள்ளுவிசை நியூட்டனில் வந்துவிடும். ஒரு கன மீற்றர் காற்று கிட்டத்தட்ட 1.2 கிலோ எடை, நிமிடத்துக்கு 60 விநாடி, அதிலிருந்து வருவதுதான் இந்த 50. சின்னதுக்கு 3.2-ஐ 98-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் ஆறுக்குச் சற்று மேல். பெரியதுக்குப் பதின்மூன்றரை. இரண்டு உச்ச எண்களும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் இதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வையுங்கள். சில கம்பனிகள் நியூட்டனையே நேராகப் போட்டுவிடுகின்றன, அது வாங்குகிறவனுக்குச் செய்யும் பெரிய உதவி. அமெரிக்கப் பெட்டிகளில் காற்றளவு கன அடியில் இருக்கும், 35-ஆல் வகுத்தால் கன மீற்றர். வேகம் மைலில் இருந்தால் 0.45-ஆல் பெருக்குங்கள்.

ஆகவே மணல் வளவுக்கு என் அளவுகோல் இதுதான்: நிமிடத்துக்குப் பத்துக் கன மீற்றருக்கு மேல் காற்று, விசையை அழுத்தும் அளவுக்கு ஏறி இறங்கும் வேகம். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது இருந்தும் பயனில்லை. ஒரே வேகத்தில் மட்டும் ஓடுகிற புளோவர் சீமெந்துத் தரைக்குச் சரி, மணலுக்குக் கூடாது.

இலைகளுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. காய்ந்த பலா இலை கிண்ணம்போல வளைந்திருக்கும், கொஞ்சக் காற்றிலேயே எழும்பும். மாவிலை தட்டையாக மணலில் படிந்து கிடக்கும், பக்கவாட்டில் ஊதினால்தான் விளிம்பு தூக்கும். முருங்கை இலையை எந்தப் புளோவராலும் வெல்ல முடியாது. அது மணலோடு மணலாகக் கலந்துவிடும், அதை ஊதுகிற காற்று மணலையும் கட்டாயம் ஊதும். முருங்கைக்குக் கீழே ஈர்க்குமாறுதான். மாரி மழையில் நனைந்து ஒட்டிய இலைக்கும் அப்படித்தான், ஒரு வெயில் காயவிட்டுப் பிறகு ஊதினால் பற்றரி மிச்சம்.

இனி நான் காசு கொடுத்து வாங்கிய மலிவுப் பெட்டி. வெளியே 48விஎப் என்று போட்டிருந்தது. 48 வோல்ட் என்றால் 18-ஐவிட எவ்வளவு பலம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அது வோல்ட் அல்ல. 48விஎப், 88விஎப், 128விஎப் என்று வருகிற இந்தப் பற்றரிகளுக்குள் பெரும்பாலும் மற்றவர்கள் 18 வோல்ட் என்று சொல்லும் அதே ஐந்து செல் வரிசைதான் இருக்கிறது. லிதியம் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2, அதனால் 21. '21 வோல்ட்' என்று விற்பதும் இதுதான். டிவோல்ட்டின் அமெரிக்கப் பெட்டியில் '20 வோல்ட் மக்ஸ்' என்று இருப்பதும் இதே 18 வோல்ட் வகைதான், ஆனால் அவர்கள் அதை மறைப்பதில்லை. 48விஎப் என்பது மறைப்பு.

எனக்குக் கிடைத்த பற்றரி ஏழு நிமிடத்தில் அடங்கிவிட்டது. மூன்று வாரத்தில் நான்கு நிமிடம். அதைத் தூக்கி அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்தேன், 340 கிராம். அப்போதுதான் விளங்கியது. 18650 என்ற வழக்கமான செல் ஒன்று 45 கிராம் அளவில் இருக்கும். அம்பியர்-மணி என்பது பற்றரியின் கொள்ளளவு; உண்மையான 18 வோல்ட் 5 அம்பியர்-மணிப் பற்றரிக்குள் பொதுவாகப் பத்துச் செல், அதுவே 450 கிராம். உறை, தகடு, மின்சுற்று சேர்ந்து 600 கிராமைத் தாண்டும். என்னுடையதில் ஐந்து செல்தான் இருந்திருக்க வேண்டும். இனி யாராவது '6 அம்பியர்' என்று ஒரு பற்றரியை நீட்டினால் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். கம்பனிப் பெயர் ஒட்டிய போலிப் பற்றரிகளையும் பல நேரம் இப்படியே பிடித்துவிடலாம்.

மலிவு வகையில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். கராஜ், விறாந்தை, தையல் மெசின், மின்விசிறித் தூசி, இவற்றுக்கு அது போதும். வளவுக்குப் போதாது.

மேலே ஒரு வகுப்பு இருக்கிறது, 36 வோல்ட்டும் 56 வோல்ட்டும். மகிட்டாவின் டியுபி 362 இரண்டு 18 வோல்ட் பற்றரியைச் சேர்த்து ஓடுகிறது. காற்றளவு 13.4, வேகம் 54. டியுபி 184-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கூடுதல் பற்றரியைத் தோளில் சுமந்து நீங்கள் பெறுவது முக்கியமாக நேரம்தான், வலு அல்ல. அரை ஏக்கர் வளவு இருந்தால் அது பொருந்தும். ஈகோ என்ற கம்பனியின் 56 வோல்ட் வகையில் நிமிடத்துக்கு 18 கன மீற்றர் அளவு தருவதும் இருக்கிறது. இலை ஊதுவதில் அதற்கு நிகர் இங்கே நான் சொன்ன எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டக்களப்புக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல், எங்கள் வீட்டிலேயே நடந்தது.

சுவிஸில் இருக்கும் மச்சான் வரும்போது ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டான். பயணிகள் விமானத்தில் லிதியம் பற்றரியைத் தனியாகக் கொண்டுபோக ஒரு கணக்கு இருக்கிறது. 100 வாட்-மணி வரை கைப்பையில் போகலாம். 100-இலிருந்து 160 வரை விமானக் கம்பனியின் சம்மதம் வேண்டும், அதுவும் இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் முடியாது. வோல்ட்டையும் அம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி. 18 வோல்ட் 5 அம்பியர்-மணி என்றால் 90, தாராளமாக வரும். 18 வோல்ட் 6 அம்பியர்-மணி 108, சம்மதம் கேட்க வேண்டும். ஈகோவின் 5 அம்பியர்-மணிப் பற்றரி 280, விமானத்தில் ஏறவே ஏறாது. வெளிநாட்டு உறவை நம்பி 56 வோல்ட் வாங்கினால் புளோவர் வீட்டுக்கு வரும், பற்றரி அங்கேயே நிற்கும். அனுமதி உள்ளதையும் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில், முனைகளுக்கு ரேப் (ஒட்டுநாடா) ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சார்ஜரையும் யோசிக்க வேண்டும். கட்டார், துபாயிலிருந்து வந்தால் நமது 13 அம்பியர் சதுரப் பின்னே அங்கும், மின்சாரமும் ஒத்துப்போகும், அப்படியே குத்தலாம். ஐரோப்பாவிலிருந்து வந்தால் 230 வோல்ட் சரி, பின்னை மாற்ற அடப்டர் போதும். கனடாவிலிருந்து வந்தால் சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் குத்தாதீர்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நமது மின்சாரத்தில் அது எரிந்துபோகும்.

வயர் பூட்டிய புளோவர் விலை குறைவு, களைக்காது, ஆனால் 30 பேர்ச் வளவில் மரத்துக்கு மரம் வயர் சுற்றும், ஈர மண்ணில் நீட்டுவயர் இழுப்பது எனக்குப் பயம். பெற்றோல் புளோவரின் வலுவைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 2022-இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் நாங்கள், புளோவருக்கென்று கலனில் வாங்கி எண்ணெய் கலக்கும் எண்ணமே எனக்கு வரவில்லை. அதன் சத்தத்தில் விடியற்காலை யாரும் தூங்கவும் முடியாது.

பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். 90 வாட்-மணிப் பற்றரியில் 450 வாட் இழுக்கும் மோட்டர் ஓடினால் 12 நிமிடம். ஆனால் மணலில் முழு வேகம் தேவைப்படாது. எங்கள் 30 பேர்ச்சை நண்பனுடைய டியுபி 184 ஒரே பற்றரியில் முடித்தது, கடைசியில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. ஓடி முடிந்த சூட்டிலேயே சார்ஜரில் போடாமல், நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். கச்சான் வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் வைத்தால் பற்றரியின் ஆயுள் குறையும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று வேறு, முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்து வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

என் தீர்மானம் இது. வீட்டில் ஏற்கெனவே துளைக்கும் மெசின் ஏதாவது 18 வோல்ட்டில் இருந்தால், அதே கம்பனியின் அகன்ற வாய்ப் புளோவரை வெறும் உடலாக வாங்குங்கள், பற்றரிக்காக இரண்டாவது முறை காசு போகாது. பொஷ் வைத்திருப்பவர்கள் கவனம், நீல நிறக் கருவியின் பற்றரி பச்சை நிறக் கருவிக்குப் பொருந்தாது. எதுவும் இல்லாதவர்கள், உங்கள் ஊர்க் கடையில் தனிப் பற்றரி எந்தக் கம்பனிக்குக் கிடைக்கிறது என்று முதலில் விசாரித்து, அதிலிருந்து தொடங்குங்கள். மச்சானின் மகிட்டா மெசின் ஒன்று எங்கள் வீட்டில் கிடந்ததால் நான் எடுத்தது டியுபி 184. பத்துப் பேர்ச்சுக்குள், பெரும்பாலும் சீமெந்து முற்றம் என்றால் டியுபி 185 போதும், வயதானவர்களுக்குக் கைக்கு இலேசு. மணல் வளவுக்கு அது வேண்டாம்.

அம்மா மூன்று கிலோவைத் தூக்கமாட்டார், அது என் வேலை. பின்வளவையும் மதிலோரத்தையும் நான் ஊதித் தென்னையடியில் குவிக்கிறேன், பீலிக்குள் கிடக்கும் இலையையும் ஏணியில் ஏறி ஊதிவிடுகிறேன், மழைநீர் தேங்கி நுளம்பு பெருகாது. முன்முற்றத்தை மட்டும் அவர் விடுவதில்லை. ஈர்க்குமாற்றின் கோடுகள் மணலில் வரிவரியாக விழுந்தால்தான் அவருக்கு முற்றம் கூட்டிய முற்றம். அதற்குக் கால் மணி நேரம் போதும், தோளும் இப்போது தாங்குகிறது.