டர்பனிலிருந்து கேப் டவுன்: அப்பாவோடு காரில் போக எந்த வழி?

கேப் டவுனில் புது வேலை, பக்கத்து இருக்கையில் அப்பா என்றால் வழியை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

உள்நாட்டு வழி சுமார் 1,600 கிமீ. தென்னாப்பிரிக்காவின் என்3 தேசிய நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித்தில் என்5-க்குத் திரும்பி, வின்பர்க்கில் என்1-ஐப் பிடித்தால் புளூம்ஃபொன்டைன், போஃபோர்ட் வெஸ்ட் எல்லாம் தாண்டி ஹியூகனாட் சுரங்கம் வரை நேர் ஓட்டம். சாலை நன்றாக இருக்கும், ஆனால் கரூ என்ற உள்நாட்டுப் பகுதி முழுக்க வறண்ட வெளி, ஊருக்கு ஊர் தூரம் அதிகம், அதனால் பாதி டேங்க் காலியானதுமே பெட்ரோல் போட்டுவிடுங்கள்.

கடலோர என்2 இன்னும் நீளம். கோக்ஸ்டாடிலிருந்து ம்தாதா (பழைய பெயர் உம்டாட்டா) பக்கம் மலை வளைவுகள், திரும்பியதும் சாலை நடுவே அசையாமல் நிற்கும் மாடுகள். இருட்டில் அங்கே ஓட்டவே வேண்டாம். அப்புறம் ஸிட்ஸிகாமா காடு, 216 மீட்டர் உயர புளூக்ரான்ஸ் பாலம், நைஸ்னா காயல். அடிக்கடி நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்து, அப்பா பழைய கதை பேச நல்ல இடங்கள்.

வேலையில் சேரும் தேதி நெருங்கிவிட்டால் என்1. சில நாள் கையில் இருந்தால் நான் என்2-தான் சொல்வேன், முதல் இரவு தங்க மட்டும் முன்கூட்டியே அறை பிடித்துவிடுங்கள்.