டிக்கெட்டா, ஆயிரம் ரூபாயா?

என் அத்தை இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். அரசாங்கம் அவரிடம் இரண்டு வழியில் வந்து சேர்கிறது. மாதம் 15ஆம் தேதி வாக்கில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். அதற்கான மெசேஜ் மகனுடைய போனுக்குத்தான் வரும். இன்னொன்று தினமும் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் மகளிர் கட்டணமில்லா டிக்கெட். இரண்டில் ஒன்றுதான் என்றால் எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "எதுக்குடா ஒண்ண விடணும்?" என்றார்.

நியாயம்தான். ஆனால் கொள்கை என்று பார்த்தால் இரண்டும் வெவ்வேறு சாதி. பெண்களுக்காக ஐ.நா. நடத்திய 1995 பெய்ஜிங் மாநாட்டுக்குப் பிறகு உலகம் முழுக்க ஒரு பேச்சு உண்டு: பெண்களுக்கென்று ஒரு துறையை மூலையில் வைத்துவிட்டு மற்றவர்கள் கையைக் கழுவக் கூடாது, சாலை போடுகிறவர், பஸ் விடுகிறவர், பட்ஜெட் எழுதுகிறவர் எல்லோரும் இது பெண்ணுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று முதலிலேயே கேட்க வேண்டும். பாலின நோக்கை மைய நீரோட்டத்தில் சேர்ப்பது என்று இதைச் சொல்கிறார்கள். அந்தக் கேள்வியை வைத்து இரண்டையும் பார்க்கலாம்.

உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. அதில் எனக்கு மிகப் பிடித்தது பெயர். 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்றார்கள். வீட்டில் சம்பளமில்லாமல் நடக்கும் உழைப்புக்கான அங்கீகாரம் என்றார்கள். அந்த உழைப்புக்குக் கணக்கும் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம்.

சரி, அந்த 289 நிமிடத்துக்கு யாருக்கெல்லாம் பணம்? 2023இல் வகுத்த விதிகளைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். வீட்டில் கார், டிராக்டர் இருந்தால் கிடையாது. டிராக்டர் யார் பெயரில் இருக்கும்? பாத்திரம் தேய்த்த கை ஒன்று, தகுதி பார்ப்பது வேறொருவர் சொத்தில். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர்தான் என்பதால், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் வெந்தாலும் ஒருவருடைய உழைப்புக்குத்தான் அங்கீகாரம். தொடக்கத்தில் சுமார் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்து 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். பெயரில் இருக்கிற உரிமை விண்ணப்பப் படிவத்தில் உதவியாக மாறிவிடுகிறது.

பஸ்ஸில் இந்தப் படிவமே இல்லை. 2021 மே மாதம் தொடங்கியபோது விதி ஒரு வரிதான்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண் ஏறினால் காசு வேண்டாம். ரேஷன் கார்டோ வருமானச் சான்றோ கேட்பதில்லை. அப்புறம் திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. ஆயிரத்துக்குப் பக்கத்தில்தான். அரசுக்கு ஆகும் செலவோ பக்கத்தில் இல்லை: 2025-26 பட்ஜெட்டில் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி, பஸ்ஸுக்கு 3,600 கோடி.

குறை இல்லாமலா? "ஓசி டிக்கெட்தானே, உள்ள போ" என்ற குரலைக் கேட்காத பெண் குறைவு. வெள்ளை போர்டு பஸ், அதாவது இந்தச் சாதாரணக் கட்டண பஸ், நிறுத்தத்தைத் தாண்டிப்போய் நிற்க, பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். வெள்ளை போர்டு வருவதே குறைவான ஊர்களில் இலவசம் இருந்தும் பயனில்லை. வெளியூர் பஸ்ஸுக்கு இது செல்லாது.

ஆனாலும் இந்தப் புகார்கள் போய் விழும் இடத்தைக் கவனியுங்கள். போக்குவரத்துத் துறையின் மேசையில். எந்த வழித்தடத்தில் எத்தனை நடை, எங்கே நிறுத்தம் என்று முடிவெடுக்கும் அதே மேசை. அந்தத் துறைக்கு 2021 வரை பெண் தனிப் பயணியாகக் கணக்கில் இல்லை; டிக்கெட்டில் ஆண், பெண் பிரிவு கிடையாது. இப்போது மகளிர் டிக்கெட் தனி என்பதால் எண்ணிக்கை தினமும் தானாகச் சேர்கிறது. ஆய்வு செய்கிறவர்களுக்கு இது கொழுத்த தரவு. அது பயணத்தைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது. அந்த அம்மா போனது வேலைக்கா ஆஸ்பத்திரிக்கா என்றும் சொல்லாது. அதற்கு யாராவது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆயிரம் ரூபாய் விஷயத்திலோ, பணம் கணக்கில் ஏறியது வரைக்கும்தான் தெரியும். யார் கை அதை எடுத்தது என்பது ஏடிஎம்முக்குத் தெரியாது.

என் ஓட்டு பஸ்ஸுக்கு. பணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, டிராக்டர் கேள்வியை நிறுத்தச் சொல்கிறேன். பஸ்ஸில் கேட்பது கூடுதல் நடை, குறிப்பாக ராத்திரியில். அத்தை இரண்டாவது வீட்டில் சப்பாத்தி போட்டு முடிக்க எட்டே முக்கால் ஆகும். அவருடைய வழியில் கடைசி வெள்ளை போர்டு எட்டரைக்கே போய்விடும். அதற்குப் பிறகு ஷேர் ஆட்டோதான். அந்தக் காசு ஆயிரத்திலிருந்து போகிறது.