நெக்ஸான் ஈவி: அவினாசி ரோட்டில் 300, பைபாஸில் 250

எங்கள் வீட்டில் ஓடுவது 40.5 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் ஈவி மேக்ஸ் எலக்ட்ரிக் கார். 2022-இல் வந்த மாடல், வண்டிகளைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பு சான்றளித்த ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 437 கி.மீ. வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோவைக்குள் ஏசி போட்டுக்கொண்டே ஓட்டினால் ஒரு முழு சார்ஜுக்கு 300 சுமாராக வருகிறது. சேலம் பைபாஸில் நூறில் பிடித்தால் 250. அந்த 437-ஐ நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்ப்பேன் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

அதற்காக அந்த எண் பொய் என்று சொல்லமாட்டேன். சோதனையில் வண்டி ஓடுவது உருளைகள் மேல். ஏசி அணைந்திருக்கும். மேடு கிடையாது, பின்சீட்டில் மாமனார் மாமியார் கிடையாது, டிக்கியில் அரிசி மூட்டை கிடையாது. வேகம் எந்த இடத்திலும் 90-ஐத் தாண்டாது, பெரும்பாலான நேரம் ஐம்பதுக்குள்தான். அப்படி ஓட்டினால் அவ்வளவு வரும், அவ்வளவுதான். இப்போது டாடாவே சான்றிதழ் எண்ணோடு ‘சி75’ என்று நடைமுறை ரேஞ்சையும் சேர்த்துச் சொல்கிறது. 45 யூனிட் நெக்ஸானுக்குச் சான்றிதழில் 489, சி75-இல் 350 முதல் 370. ஏறக்குறைய முக்கால் பங்கு. ஊருக்குள் என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது.

“ஏசி போட்டா ரேஞ்ச் போயிடும்ல?” என்று கேட்காத ஆளே இல்லை. ஏசி தின்பது மணிக்கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் அல்ல. சித்திரை வெயிலில் மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். காந்திபுரம் நெரிசலில் அந்த ஒரு மணி நேரத்தில் 20 கி.மீ. கூட நகராது, அங்கே ஏசி செலவு உறைக்கும். பைபாஸில் அதே நேரத்தில் 100 கி.மீ. போய்விடலாம், ஏசி கணக்கிலேயே வராது. ஹைவேயில் ஏசியை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க நூறில் பறப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 80-லிருந்து 100-க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஏசியைப் போட்டுக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் வாளையார் பக்கம் போனால் எதிரே வந்து முட்டும். மணிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்றில் 80-இல் போகும் வண்டிக்கு, காற்றைப் பொறுத்தவரை அது 110. அதே ரோட்டில் திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும், யூனிட்டுக்கு ஒரு கிலோமீட்டராவது கூடுதலாகக் கிடைக்கும்.

சென்னைக்குப் போவதென்றால் 250-ஐயும் முழுசாக நம்ப முடியாது. இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்க மனசு வராது. ஃபாஸ்ட் சார்ஜரில் எண்பதுக்கு மேல் ஏறுவதும் ஆமை வேகம். ஆக முதல் ஓட்டத்துக்கு 200, அதன்பிறகு நிறுத்தத்துக்கு நிறுத்தம் 150. நிறுத்தம் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும். சார்ஜர் முன்னால் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றால் இரண்டு மடங்கு. வாங்கும் முன் கேட்க வேண்டிய எண் இந்த 150-தான். ஷோரூமில் யாரும் சொல்லமாட்டார்கள்.

டயர் மாற்றும்போதும் கவனம் தேவை. கம்பெனியில் வருவது உருளும் தடை குறைந்த வகை, அதாவது ரோட்டில் சுலபமாக உருளும். கடையில் விலையையும் பட்டையான தோற்றத்தையும் மட்டும் பார்த்துப் போட்டால் ரேஞ்சில் நிச்சயம் அடி விழும்.

ஊட்டி தனிக்கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏற்றம். நான்கு பேரோடு வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஒன்பது யூனிட் வேண்டும், உருண்டு போவதற்கு ஆகும் செலவு தனி. ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் 35-லிருந்து 40 சதவீதம் காலி. இறங்கும்போது ரீஜென் (வேகம் குறைக்கையில் மோட்டாரே மின்சாரம் எடுத்து பேட்டரிக்கு அனுப்புவது) அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். அடிவாரத்தில் கல்லாறு வருவதற்குள் பத்து சதவீதம்போல ஏறியிருக்கும். ஆனால் தங்குமிடத்தில் ராத்திரி முழுக்க சொருகி நூறு சதவீதம் ஏற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் ரீஜென் சார்ஜ் போக இடமில்லை, கொண்டை ஊசி வளைவு முழுக்க பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டியிருக்கும். எண்பதோடு எடுத்துவிடுவது நல்லது.

மலை இறங்கியதும் டிஸ்ப்ளே காட்டும் கிலோமீட்டரையும் நம்பாதீர்கள். கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்து அது போடும் கணக்கு; இறக்கத்தில் வந்ததால் ஏகத்துக்கும் கூட்டிச் சொல்லும். நான் சதவீதத்தை மட்டும்தான் பார்க்கிறேன்: ஊருக்குள் ஒன்றுக்கு 3 கி.மீ., பைபாஸில் இரண்டரை.