புகைக்கூண்டு செய்யக் கொடுக்கிறீர்களா? உள்தகட்டில் காந்தம் வைத்துப் பாருங்கள்

சேலத்தில் கறி புகைபோடுவதற்காகக் கொல்லையில் ஒரு கூண்டு செய்ய நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். துருப்பிடிக்காத ரகமான 304 ஸ்டீல் என்று சொல்லிவிட்டு, துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. தகட்டுக்கு உள்பக்கம் சில்வர் பெயின்ட் அடித்து எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம். அந்தப் புகையைச் சுவாசித்த என் மச்சான் ஒரு ராத்திரி முழுக்க நடுங்கிக் கிடந்தான்.

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில். அம்மாயி இருந்தவரை ஆட்டுக்கறியை நீளநீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயப்போட்டு, அப்புறம் விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார். கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்த உப்புக்கண்ட வாசம் வீட்டில் இல்லாமல் போய்விட்டது. ஏற்காட்டில் சொந்தக்காரர் தோட்டத்தில் கவாத்து செய்த காபிக் கட்டைகள் சும்மா கிடக்க, ஒரு கூண்டு இருந்தால் அந்த வாசத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று ஆசை.

ஊருக்குள் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். 3 அடிக்கு 3 அடி, உயரம் 6 அடி. தணல் பெட்டி தனியாக, அதிலிருந்து கூண்டுக்கு 5 அடிக் குழாய். தணலைத் தள்ளி வைத்தால்தான் கறி கருகாமல் புகை மட்டும் போய்ச் சேரும். மொத்தம் 42,000 ரூபாய், அட்வான்ஸ் 25,000. "சார், முழுசும் 304. உங்க பேரன் காலம் வரைக்கும் துரு பிடிக்காது" என்றார் பட்டறைக்காரர். எஸ்டிமேட் சீட்டில் 'எஸ்.எஸ். ஷீட்' (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு) என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பில் கேட்டபோது டெலிவரி அன்றைக்குத் தருவதாகச் சொன்னார்.

கூண்டு வந்து இறங்கியபோது உள்ளே பளபளவென்று சில்வர் பெயின்ட். எதற்கு என்று கேட்டேன். "ஹீட் பெயின்ட் சார், கறை பிடிக்காது." ஸ்டீலுக்கு எதற்குப் பெயின்ட் என்று அங்கேயே மடக்கியிருக்க வேண்டும். மீதிப் பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். கூடவே "பலா மரத்துண்டு சார்" என்று இரண்டு மூட்டை விறகும் போட்டுவிட்டுப் போனார்.

முதல் ஞாயிறு, ஐந்து நாள் உப்பில் ஊறிய மூன்று கிலோ பன்றிக்கறியும் இரண்டு நாட்டுக்கோழியும் தொங்கவிட்டோம். தணல் பார்க்கும் வேலை மச்சானுக்கு. பெட்டி வாயில் குனிந்தபடியே இரண்டு மணி நேரம் இருந்தான். முதலில் பெயின்ட் கருகும் நாற்றம், அப்புறம் தொண்டையைப் பிடிக்கிற வெள்ளைப் புகை. பெட்டியின் உள்தகட்டில் பெயின்ட் உரிந்து, அதன் அடியில் மஞ்சளாக மாவு மாதிரி ஏதோ படிந்தது. தணலை இழுத்துப் போட்டு ஆறவிட்டதும் அந்த மஞ்சள் வெள்ளையாக மாறிவிட்டது. விரலால் தொட்டால் சுண்ணாம்புப் பொடி போல ஒட்டியது.

அது துத்தநாக ஆக்சைடு. சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை. ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தத் தகட்டை 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வைக்கவே கூடாது என்பார்கள். தணல் படும் இடத்தில் சூடு அதையெல்லாம் தாண்டிப் போகும். 100 டிகிரிப் பக்கம் இருக்கும் கூண்டுக்குள்ளும் ஜி.ஐ. ஆகாது. புகையில் இருக்கும் புளிப்பும் கறியிலிருந்து சொட்டும் உப்பு நீரும் துத்தநாகத்தை அரித்து எடுக்கும். அதன் மேல்தான் நம் கறி தொங்குகிறது.

ராத்திரி ஒன்பது மணிக்கு மச்சானுக்குக் குளிர் எடுத்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. வாயெல்லாம் தித்திப்பாக, காசைச் சப்பின மாதிரி இருக்கிறது என்றான். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வெல்டிங் வேலை பாக்கறீங்களா?" ஜி.ஐ. பைப்பை வெல்டிங் அடிப்பவர்களுக்கு, துத்தநாகப் புகையைச் சுவாசிப்பதால் இந்தக் காய்ச்சல் வருமாம். மறுநாள் சாயங்காலம் தெளிந்துவிட்டான். அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். கறி முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம், நாய்க்குக்கூடப் போடவில்லை.

திங்கட்கிழமை ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்து உள்தகட்டில் வைத்தேன். டப்பென்று ஒட்டிக்கொண்டது. அரத்தால் பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் ஜி.ஐ.க்கே உரிய பூப்பூவான கோலம். விறகு மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் பாதி பிளைவுட் ஓரத்துண்டுகள், பக்கவாட்டில் பசை வரி வரியாகத் தெரிந்தது. பிளைவுட் பசை எரிந்த புகை கறிக்கு ஆகவே ஆகாது.

துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை இருக்கிற ஊர் இது. மாக்னசைட் வெட்டி எடுத்து உலைச் செங்கல் செய்கிற ஊர். இங்கேயே இப்படி ஏமாற்றுகிறார்களே என்பதுதான் மனசு ஆறவில்லை.

காந்தச் சோதனையில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒட்டினால் அது 304 இல்லை என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம் (மடித்த ஓரங்களில் மட்டும் லேசாக இழுக்கும், அது பரவாயில்லை). ஒட்டாவிட்டால் மட்டும் 304 என்று நம்பிவிட முடியாது, விலை குறைந்த இன்னொரு ஸ்டீல் ரகமான 202-ம் ஒட்டாது. அதனால் பில்லில் கிரேடு எண் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிறார்களா, அந்தப் பட்டறை வேண்டாம். பெயின்ட் அடித்து வந்தால் வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். தணல் பெட்டியைப் பட்டறையில் செய்யவே வேண்டாம், கொத்தனாரை வைத்துச் செங்கலில் கட்டிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் கட்டியிருக்கிறேன், கூண்டையும் சேர்த்து. கம்பியும் கொக்கியும் மட்டும் ஸ்டீல். விறகுக்குக் காபிக் கட்டை, ஆறு மாதம் காய்ந்தது. கோழியின் தொடையில் தெர்மாமீட்டர் குத்தி 74 டிகிரி காட்டினால்தான் இறக்குகிறோம்.

பணத்துக்கு அலைந்தேன். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, காந்தம் ஒட்டிய போட்டோ எல்லாம் காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுப்பேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன் என்றேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதன் பிறகுதான் 8,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு அவர் ஒரு வழி சொன்னார்: "கூண்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க சார், இன்னும் பத்தாயிரம் தர்றேன். பெயின்ட் அடிச்சு வேற பார்ட்டிக்குக் கொடுத்துக்கறேன்."

கொடுக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்காரரை வரவழைத்து, என் கண் முன்னாலேயே சம்மட்டியால் நசுக்கச் சொல்லி, எடைக்குப் போட்டேன்.