நாலு வண்ணத்தில் வந்து நின்ற கதை: வாட்டர்கலரோடு சில வருடங்கள்

புதிதாக வாட்டர்கலர் பழகுபவர்கள் முதலில் எதற்குச் செலவு செய்யலாம் என்று கேட்டால், தயங்காமல் காகிதம் என்பேன். மரக்கூழ்த் தாளில் ஈரம் சீக்கிரம் போய்விடுகிறது. வானத்தைப் பாதி தீட்டுவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுகிறது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாள் விலை கூடத்தான், ஆனால் யோசித்து யோசித்துத் தீட்ட நேரம் தருகிறது. இரண்டு பக்கமும் வரையலாம் என்பதால் கணக்கு ஓரளவு சரியாகிவிடும்.

பிரஷ் விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நுனி கூராக நிற்கும் ரவுண்ட் பிரஷ், எட்டாம் நம்பரோ பத்தோ, ஒன்று போதும்.

வண்ணத்துக்கு வருவோம். பெரிய பெட்டியில் ஆரம்பித்த என் பேலட்டில் இன்று மிச்சம் இருப்பவை அல்ட்ராமரைன் என்ற நீலம், பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பு, ஒரு மஞ்சள், ஒரு ரோஸ். தாலோ ப்ளூ அழகுதான்; ஆனால் பட்ட இடத்தில் கறையாகப் பிடித்துக்கொண்டு, ஈரப் பிரஷால் எவ்வளவு தேய்த்து எடுத்தாலும் போக மாட்டேன் என்கிறது. அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பை வெளிச்சத்தில் வைத்தால் மங்கிவிடும், அதனால் அதுவும் போயிற்று. டியூபில் அச்சிட்டிருக்கும் நிறமியின் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். பிஆர் 83 என்றிருந்தால் அந்த மங்கும் அலிசரின்தான்.

அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும்தான் என் செல்லங்கள். சொரசொரப்பான தாளை நனைத்து இரண்டையும் கலந்து விட்டுப் பாருங்கள். முதலில் மழை மேகம் மாதிரி ஒரே சாம்பல். காயக் காய நீலத் துகள்கள் தாளின் குழிகளில் இறங்கிப் புள்ளி புள்ளியாகத் தங்கும். பழுப்பு மெல்ல விலகி நிற்கும். பிரஷைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். படம் முடிவதை விட இந்தச் சில நிமிடங்களில்தான் எனக்குச் சந்தோஷம்.

தனி பாணி வேண்டும் என்று நான் தேடிப் போகவில்லை. வீடியோ பார்த்து அப்படியே தீட்டிய படங்கள் பார்க்க நன்றாகவே இருந்தன, ஆனால் ஒன்றையும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. எடுத்து வைத்தவற்றை வரிசையாகப் பரப்பியபோது எல்லாவற்றிலும் அந்தச் சாம்பல், கரைந்துபோன ஓரங்கள், கீழ்ப்பாதியில் வெறும் வெள்ளை. அட, பழக்கம்தான் பாணியா! இப்போது வெள்ளையை வேண்டுமென்றே விடுகிறேன்.

ஒரே தொல்லை, டியூப் மூடிகள் ஒட்டிக்கொள்வது. வெந்நீரில் கொஞ்ச நேரம் காட்டினால் திறக்கும். அதற்கும் மசியாவிட்டால் அடிப்பக்கத்தை வெட்டி, வண்ணத்தைச் சின்னக் கிண்ணத்தில் பிதுக்கிக் காய வைத்துவிடுங்கள். வேலம்பிசினில் குழைத்த வண்ணம் தண்ணீர் பட்டதும் திரும்பக் கரையும். ஒரு சொட்டுகூட வீணாகாது.