துணை பிரிந்த குதிரை: ஆடா, கண்ணாடியா, இருபது அடியா?

சனிக்கிழமை காலை என் மகள், ராணி என்ற குதிரையை டிரெய்லரில் ஏற்றியதுமே இன்னொரு குதிரை கறுப்பன் வேலியோரம் ஓட ஆரம்பித்துவிடுவான். கனைப்புச் சத்தம் கரும்புத் தோட்டத்தைத் தாண்டிக் கேட்கும். அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் வியர்வை, லத்தி தண்ணீராகப் போகும். தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் எங்களிடம் இருப்பதே இரண்டு குதிரைகள். ஒன்று போனால் இன்னொன்றுக்கு மந்தையே போன மாதிரிதான். ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

"கத்தவிடு, தானே அடங்கும்" என்றார் மாமா. மூன்றாம் வாரம் அடங்கினான்தான். ஆனால் வைக்கோலைத் தொடவில்லை, காதுகள் தளர்ந்து நின்றான். அது களைப்பு, நிம்மதி இல்லை. அதோடு இந்த ஊரில் இன்னொரு ஆபத்து. கோடை முடிவிலிருந்து இலையுதிர் காலம் வரை ஆப்பிரிக்கக் குதிரை நோய்ப் பயம் உண்டு. அதைப் பரப்பும் மிட்ஜ் என்ற குட்டிப் பூச்சி அந்தியிலிருந்து விடியல் வரைதான் அதிகம் கடிக்கும். தடுப்பூசி போட்டிருந்தாலும் பொழுது சாயும் முன்னே லாயத்தில் அடைத்துவிட வேண்டும். வெறி பிடித்து ஓடுகிற குதிரையை அந்த நேரத்தில் யார் பிடிப்பது?

அடுத்து ஆடு. பந்தயக் குதிரை வளர்ப்பவர்கள்கூட வைப்பதுதான், செலவும் குறைவு. இரண்டு வாரத்தில் கறுப்பன் ஆட்டோடு ஒட்டிக்கொண்டான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், ஆடு வேலியில் நுழைந்து கரும்புக்குள் போன அன்று அதற்காகக் கத்தினான்! தீவனத்திலும் கவனம் வேண்டும். மாடு, ஆடு, கோழித் தீவனம் சிலவற்றில் சேர்க்கிற மோனென்சின் என்ற மருந்து குதிரைக்கு எமன். கழுதை குணத்தில் இன்னும் நெருங்கிய துணை, ஆனால் அதுவும் தனிமையைத் தாங்காது. பிறகு கழுதைக்கு யார் துணை?

அடுத்து, லாயத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டுவது. அதைக் கேலியாகத்தான் நினைத்தேன். 2002இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், லாயத்தில் நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக ஆட்டும் குதிரைகள் கண்ணாடி வைத்ததும் அந்தப் பழக்கத்தை நன்றாகக் குறைத்தன. லாயத்துக்குச் சரி, மேய்ச்சலில் உதவாது. வாங்குவதானால் உடையாத அக்ரிலிக் கண்ணாடி வாங்குங்கள். மயக்க மருந்து பற்றி ஒரே வார்த்தை: மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். உடம்பு அடங்கும், குதிரை எதையும் கற்றுக்கொள்ளாது.

எனக்கு உதவியது பொறுமை கேட்கிற வழிதான். முதலில் கறுப்பனுக்கு டெஃப் புல் நிறையப் போடுவோம். அவன் மெல்லும்போது மகள் ராணியை இருபது அடி தள்ளி நடத்திப் போய் உடனே திரும்பிவிடுவாள். பார்க்க வேண்டியது வாயைத்தான். மெல்லுவது நின்று, தலை உயர்ந்தால் தூரம் கூடிவிட்டது என்று அர்த்தம். கனைக்கிற வரை காத்திருக்கக் கூடாது, அதற்கு முன்பே ராணி திரும்பி வந்துவிட வேண்டும். மறுநாள் முப்பது அடி, அப்புறம் லாயத்தின் மூலைக்கு அப்பால், அப்புறம் ஐந்து நிமிடம் கண்ணிலிருந்து மறைவது. சில நாள் பின்வாங்க வேண்டிவந்தது. இடையில் கறுப்பனையும் தனியே நடத்திப் போனோம். தான் போய்த் திரும்பியவனுக்கு, போனவர் திரும்புவார் என்பது கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். டிரெய்லரையும் வெறுமனே ஏற்றி இறக்கிப் பழக்கினோம், ஏனென்றால் அவன் பதறியது அந்தக் கதவுச் சத்தத்துக்கே.

இரண்டு மாதம் ஆனது. வாரக் கடைசியில் மட்டும் நேரம் கிடைப்பவர்கள் கண்ணாடியையும் மூன்றாவதாக ஒரு குதிரையையும் யோசிக்கலாம். போன சனிக்கிழமை டிரெய்லர் கிளம்பியதும் கறுப்பன் தலை தூக்கி இரண்டு தடவை கனைத்துவிட்டு, புல்லுக்குக் குனிந்துவிட்டான். ஆட்டை மட்டும் இன்னும் விற்க முடியவில்லை.